வளையம் தாங்கிய அழுத்தம்

நான் நேரில் கண்டதையும், பின்னர் உரியவர்களிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். சிறு நிறுவனங்கள் அரசுப் பணிகளுக்கான ஒப்பந்தங்களைப் பெறவும், பெற்றதைக் குறையின்றி நிறைவேற்றவும் துணைநிற்பது என் தொழில். சான்று காட்ட இயலாத ஒரே வாக்கியத்தால் விண்ணப்பம் முழுவதும் தள்ளுபடியானதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்டிப்பை நினைவுகளுக்காகத் தளர்த்த மனமில்லை.

லோத்குண்டாவில் வசிக்கும் ஒரு பெண்மணி, பிரஷர் குக்கருக்கான ரப்பர் வளையங்களை வார்க்கும் பட்டறை நடத்திவந்தார். அவற்றை வாங்கிக்கொண்டிருந்த நிறுவனம் திடீரென்று நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் துறைக்குக் கருவிகள் செய்துதரும் வேறொரு பெரிய நிறுவனம், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையங்களுக்குத் துணை ஒப்பந்ததாரரைத் தேடுவதை அறிந்து அவருக்காக விண்ணப்பித்தேன். ஆவணங்கள் ஏற்கப்பட்டன. மாதிரி வளையத்தின் சோதனை மட்டும் எஞ்சியிருந்தது. அதில் தேறாவிட்டால் பட்டறையை மூடப்போவதாக அவர் சொல்லியிருந்தார்.

சோதனைக்கூடத்தில் பொறியாளர் ஒருவர் வளையத்தைக் கையில் எடுத்தார். பளபளப்பற்ற கறுப்பு, கைவளை அளவு. இரு விரல்களால் அழுத்தினால் நசுங்கிவிடும். அதை ஓர் இரும்புக் கட்டையின் பள்ளத்தில் பதித்து, கனத்த மூடியை வைத்து முடுக்கினார். உள்ளே எண்ணெயை ஏற்றிக்கொண்டே போவார்கள்; அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும்வரை ஒரு துளியும் கசியக் கூடாது.

“இது குக்கர் இல்ல மேடம். விசில் வராது” என்றார் அவர்.

“வந்தா உங்க மெஷின்லேருந்துதான் சார் வரும்” என்றார் பெண்மணி.

தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். பம்ப் முனகத் தொடங்கியது. முள் ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை இருக்கையில், கட்டையின் அடியில் எண்ணெய் மினுங்கியது.

“போச்சு மேடம்” என்று பம்பை நிறுத்தினார் பொறியாளர்.

“நக்கோ சார், வேணாம், ஃபெயில்னு எழுதாதீங்க! துடைச்சிட்டு எங்கேருந்து வருதுன்னு பாருங்க.”

“வேற எங்கேருந்து வரும்?”

“பாத்துட்டுத் திட்டுங்க. வாங்கிக்கறேன்.”

அவர் சலிப்போடு துணியால் துடைத்தார். மூடியின் விளிம்பு உலர்ந்திருந்தது. எண்ணெய், பம்பிலிருந்து வரும் குழாயின் இணைப்பில் ஊறி வழிந்திருந்தது. அவர் இணைப்பை மாற்றிவிட்டு மறுபடியும் அழுத்தம் ஏற்றினார்.

முள் சிவப்புக் கோட்டைக் கடந்தது. அவர் நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை. தரை அதிர்ந்தது. பம்பின் முனகல் கீச்சொலியாக உயர்ந்து, இனி ஏற்ற இயலாது என்ற எல்லையில் நின்றது. ஒரு துளியும் வெளிவரவில்லை. அந்த இரும்புக்குள், விரலுக்கு வளைந்துகொடுக்கும் ஒரு சிறு பொருள் இத்தனை விசையையும் தடுத்துக்கொண்டு இருந்தது.

மூடியைத் திறந்தபோது வளையம் உருமாறாமல் கிடந்தது. பொறியாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேடம், இதுல என்னதான் கலக்கறீங்க?”

“ஆர்டர் குடுங்க, அப்புறமும் சொல்ல மாட்டேன்.”

ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது, பட்டறை இயங்குகிறது. அவ்வளையங்கள் எந்தக் கருவியில் பொருத்தப்படுகின்றன என்பது எங்கள் இருவருக்கும் சொல்லப்படவில்லை. அன்று சோதித்த வளையம் எந்த அழுத்தத்தில் கசிந்திருக்கும் என்பதும் தெரியாது.