அத்தை ஒரு சுவிட்சைத் தேடினாள்

என் அத்தையோடு கடைக்குப் போகத் தனித் தைரியம் வேண்டும். பல்பு வாங்கினால் எரியவிட்டுப் பார்ப்பாள். மிக்ஸி வாங்கினால் ஓடவிட்டுப் பார்ப்பாள். ஒருமுறை குடை வாங்கப் போனவள் கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டாள். நான் யாரோ எவரோ என்பதுபோல் பக்கத்துக் கடையில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நியாயத்தைச் சொல்லவேண்டும். அவள் நடத்தும் சலவைக்கடையில் யார் சட்டையாவது கருகிவிட்டால், சாக்குப்போக்கு சொல்லாமல் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்துவிடுவாள். உலகமே இப்படி நடக்கவேண்டும் என்று நினைப்பதுதான் அவளிடம் உள்ள ஒரே கோளாறு.

இப்பேர்ப்பட்டவள், மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்த அன்று மட்டும் வாயே திறக்கவில்லை. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் படிப்பு. கண்ணாடி அறைக்குள் பளபளவென்று ஒரு கருவியைக் காட்டினார்கள். "படிச்சவங்க இருக்கற இடம், நாம என்னத்தக் கேக்கறது?" என்று கைகட்டி நின்றாளாம். எனக்கு இன்றுவரை நம்ப முடியவில்லை.

கடைசி ஆண்டில் ஒருநாள் மகள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கண்ணாடி அறையை அவள் வகுப்புக்குத் திறந்துவிட்டதே இல்லை. எல்லாப் பாடமும் படத்திலேயே முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பட்டம் வாங்கி, பச்சைக் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று சொல்லவேண்டியவள் அவள்.

மறுநாளே அத்தை மகளோடு பல்கலைக்கழகப் பதிவாளர் முன்னால் போய் நின்றாள். என் போறாத காலம், துணைக்கு நானும். "அம்மா, மானத்த வாங்காதம்மா" என்று மகள் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தாள்.

"அந்த மெஷினைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க சார்" என்றாள் அத்தை.

இதோடு ஆளை அனுப்பிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பதிவாளர் சாவியோடு தானே வந்து கண்ணாடி அறையைத் திறந்தார். அத்தை கருவியைச் சுற்றிவந்து சுவிட்சைத் தேடினாள். சுவிட்சும் இல்லை, வயரும் இல்லை. தூக்கிப் பார்த்தாள். ஒற்றைக் கையிலேயே வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு.

பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது கடை இல்லம்மா, பல்கலைக்கழகம்."

"கடையா இருந்தா தேவலையே சார். வேற மாத்திக் குடுத்திருப்பான். இவ வருஷத்த எப்படி மாத்திக் குடுப்பீங்க?"

"எங்க பசங்கள நல்லாத் தயார் பண்ணித்தான் அனுப்பறோம்."

"அப்ப உங்க பேரக்குழந்தைக்குக் காது நல்லாக் கேக்குதான்னு பாக்க, இவகிட்ட கூட்டிட்டு வருவீங்களா?"

"தாராளமா!" என்று அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "கூட்டிட்டு வராதீங்க சார். எனக்குப் பாக்கத் தெரியாது. இந்த வகுப்புல ஒருத்தருக்கும் தெரியாது."

பதிவாளரின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் செல்போனை எடுத்து, மொத்த வகுப்புக்கும் பயிற்சி கொடுக்க முடியுமா என்று ஓர் ஆஸ்பத்திரியைக் கேட்டார். அவர் பேசி முடிக்கும்வரை அத்தை மகளின் கையை விடவில்லை.