மின்சுடலை மண்டபத்தில் இரண்டு போன்கள்

அப்பாவைக் கிள்ளான் மின்சுடலைக்குக் கொண்டுவந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பட்டியல்தான் வந்தது. மாலை, கற்பூரம், தண்ணீர் போத்தல், இறப்புச் சான்றிதழின் நகல். முடிந்ததை மனதுக்குள் கோடு போட்டு அடித்துக்கொண்டே போனேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் கணினி சர்வர் முடங்கினாலும் இப்படித்தான் செய்வேன்.

பட்டியலில் கடைசி, தம்பி. பெர்த்தில் வேலை. அவனுக்குக் கிடைத்த விமானம் மறுநாள்தான். அதுவரை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பெட்டியை மூடும்வரை என் போனில், வீடியோவில் மட்டுமே அவனால் அப்பாவைப் பார்க்க முடியும்.

பதிகம் ஆரம்பித்ததும் பின்வரிசையில் ஒரு போன் அலறியது. அப்பாவின் நண்பர், லோரி வைத்திருப்பவர். எடுத்துத் தன் டிரைவரிடம் பேசினார், அதுவும் ஸ்பீக்கரில்.

"இன்னும் கேரி தீவுலதான் நிக்கிறியா? நான் சுடலைல இருக்கேன்டா, சீக்கிரம் சொல்லு லா."

பாடியவர் நிறுத்திவிட்டார். "எல்லாரும் போனை அடைச்சாத்தான் பாடுவேன்."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு என் போனைக் காட்டிப் பாடியவரிடம், "அண்ணே, அதுல இருக்கறது மகன்," என்றார்.

"சரி, சத்தம் வராம பாத்துக்கங்க."

ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, போனை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். முகம் தெரிய வேண்டும், கை ஆடக் கூடாது. திரையில் தம்பியின் வாய் அசைந்தது. அழுகிறான் என்று நினைத்து இன்னும் கிட்டே கொண்டுபோனேன். தலையை ஆட்டினான். கையால் கீழே எதையோ காட்டினான். எனக்குத் தோள் வலித்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூ போட வந்த லோரி அங்கிள் என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, காலைக் காட்டச் சொல்றான். புள்ள விழுந்து கும்பிட வேணாமா?"

இவருக்கு எப்படிப் புரிந்தது என்று திரும்பினேன்.

"தெனம் வீடியோல டயரைக் காட்டு, டயரைக் காட்டுன்னு டிரைவருங்ககிட்ட கத்துறவன் நான். எனக்குத் தெரியாதா?" மூடியோடு நின்றவர்களிடம் மண்டபமே கேட்கச் சொன்னார்: "பாஸ், கொஞ்சம் இருங்க."

கால்மாட்டுக்குப் போனேன். பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அங்கே போனைப் பிடித்தேன். தம்பி திரையிலிருந்து மறைந்தான். ஒரு சுவர், ஒரு நாற்காலியின் முதுகு. அவன் தரையில் கிடக்கிறான் என்று புரிந்தது.

நெடுநேரம் அவன் எழவில்லை. அதற்குள் அங்கிளின் போன் மறுபடியும் அலறியது. பாடியவர்கூடத் திரும்பவில்லை. "அப்புறம் கூப்பிடுடா," என்றார் அங்கிள், ஸ்பீக்கரிலேயே.

தம்பி எழுந்து திரைக்குள் வந்து தலையசைத்தான். மூடியை வைத்தார்கள்.