அல்லக்கையோடு வந்த சுருட்டை

சித்திக்குச் சம்பளமே கொலை செய்யத்தான். பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் வலைக்கூடத்தில், நல்ல மிளகாய் நாற்றுகள்மேல் நோய் சுமந்த வெள்ளை ஈக்களை அவிழ்த்துவிடுவாள். இலை சுருண்டு செடி சாகிறவரை பார்த்திருந்து, வெட்டி, குழவியால் நசுக்கிச் சோதனைக்கு அனுப்புவாள். அங்கே அவள் பெயர் கத்திரி. வீட்டிலும் அதேதான், அது வாய்க்காக.

போன பருவத்தில் அவளுடைய அண்ணன், அதாவது என் மாமாவின் மிளகாய்த் தோட்டம் முழுக்க இலைச் சுருட்டை நோய் விழுந்தது. நோய் தாங்கும் விதை என்று நம்பி வாங்கியது. மாமா விதைக்காரன் சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். சித்தி இலையைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரே செடிக்குள் வெவ்வேறு வகை வைரஸ்கள் குடித்தனம் நடத்தின, கூடவே ஒரு சின்ன மரபணுத் துணுக்கு. அது தாதாவின் அல்லக்கை மாதிரி என்றாள். தனியாக வந்தால் ஒன்றும் கிழிக்காது. தாதாவோடு தொத்திக்கொண்டு வந்தால் செடியின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தாதா ஆற அமர அடிப்பான். விதையோ ஒரே ஒரு தாதாவின் முகத்தைத்தான் பார்த்துவைத்திருந்தது.

மாமா பழைய செடியைப் பிடுங்க மாட்டார். கணுக்காலளவு வெட்டி, மறுபடி தளிர்க்க விடுவார், இன்னொரு சுற்று காய்க்கும் என்று. அதற்குப் பக்கத்திலேயே புது நாற்றுகள், குழித்தட்டுகளில், ஈ நுழையாத வலைக்குள். அந்தக் கட்டைகள் நின்றால் இந்த நாற்றுகளும் போச்சு என்று சித்தி தலைபாடாக அடித்துக்கொண்டாள். காய்க்கிறதைப் பிடுங்குவது பிள்ளையின் கழுத்தை நெரிப்பது என்றார் மாமா.

விடியற்காலைக் குளிரில் ஈ பறக்காது. அப்போதே சோப்புத் தண்ணீர் தெளித்துக் கட்டைகளைப் பிடுங்கிவிட அவள் கிளம்பிப் போனாள். மாமா மண்வெட்டியோடு வரப்பில் மறித்தார். பழைய கல்யாணச் சண்டைவரை பேச்சு போனது. வெயில் ஏறியதைக் கத்திரிகூடக் கவனிக்கவில்லை.

"பாருடி, என் நாத்துல ஒரு சுருக்கம் இருக்கா?" என்று மாமா வலையை உருவி எறிந்தார்.

அவள் கட்டைகள்மேல் பாய்ந்து பிடுங்கினாள். அவர் அவள் முடியைப் பிடித்து இழுத்தார். அவள் அவர் கையைக் கடித்தாள். மண்வெட்டிக் காம்பு அவள் வாயில் விழுந்தது, அடுத்த அடி விரல்களில். இருவரும் செடிகளை நசுக்கிக்கொண்டு உருண்டார்கள். சாம்பலை ஊதியதுபோல வெள்ளை ஈ எழுந்தது. காற்று வாக்கில் போய், திறந்து கிடந்த நாற்றுகளில் உட்கார்ந்தது.

சித்தி ரத்தத்தைத் துப்பிவிட்டு ஓடிப்போய் வலையை இழுத்து மூடினாள்.

"மருந்து அடிச்சா போயிடாதா?" என்றார் மாமா.

"ஈ போகும். அது எந்தச் செடியக் குடிச்சுச்சுன்னு நான் யாரைக் கேக்க? இதை நட்டா அடுத்த தோட்டமும் சாகும் அண்ணே."

அவர் மறுபடி காம்பை ஓங்கினார். அவள் நகரவில்லை. அடி வலைமேல் விழுந்தது. அப்புறம் நிறுத்தாமல் விழுந்தது, தட்டு நொறுங்கி நாற்று கூழாகிறவரை. அவள் வலையோடு சுருட்டி, கட்டைகளை அள்ளக் கொண்டுவந்த சாக்குக்குள் திணித்தாள்.

கடைசித் தட்டை மாமா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் பிடுங்கவில்லை. சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீயே போடுண்ணே."

வெகுநேரம் கழித்துப் போட்டார். மூட்டையின் வாயைக் கட்ட அவள் விரல் மடங்கவில்லை. அவர்தான் கட்டினார்.