இரைக்கு வாங்கிய காரல்

கடலோரத்தில் தூண்டில் போடப் போகிறவர்கள், எங்கே என்ன மீன் படுகிறது என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புவார்கள். கிடைத்ததைக் கொண்டு வருவார்கள். 2007 கார்த்திகை பிறந்த வாரத்தில் நானும் வேலுச்சாமியும் கீழவைப்பாற்றுக்குப் போனது அப்படி இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு மீன்தான் வேண்டும். அதுவும் பால்சுறா, அதுவும் அன்றைக்கே. புத்தியுள்ளவன் எவனும் இப்படி நிபந்தனை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகமாட்டான்.

எனக்குக் கோவில்பட்டியில் பெயிண்ட் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கண்மாய்க்கரைக்குப் போய்விடுவேன். வேலுச்சாமி எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரன். நாற்பது வெள்ளாடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருக்கிறான். ஒருநாள் ஆடுகளைக் கண்மாய்க்குள் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, நான் தூண்டில் கட்டியிருக்கும் விதம் முதல் உட்கார்ந்திருக்கும் இடம் வரை எல்லாமே தப்பு என்று சொன்னான். அப்படித் தொடங்கிய சிநேகிதம்.

அவன் மனைவி பேச்சியம்மாளுக்குக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் பால் சுரக்கவில்லை. பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் புகட்டிக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு இப்படித் தாமதமாகும், பிள்ளையை அடிக்கடி மாரில் போடு, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று நர்சம்மா தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். அதற்குள் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் வேலுச்சாமியின் அம்மா, "சொட்டுப் பாலில்லாத ஆட்ட நாம தொழுவுல வச்சிப்போமா?" என்று கேட்டிருக்கிறாள். வேடிக்கையாகத்தான் கேட்டாளாம். பேச்சியம்மாள் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலுச்சாமியும் அங்கேதான் நின்றிருக்கிறான், வாய் திறக்கவில்லை.

பெயர்தான் பேச்சி, அன்றிலிருந்து அவளிடம் பேச்சே இல்லை. பிள்ளையைப் பக்கத்தில் போட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள் என்றான் வேலுச்சாமி. அடுத்த கட்டில்காரர் கடற்கரைப் பக்கத்தவர். பால்சுறாவில் புட்டு செய்து கொடுங்கள், பால் ஊறும், ஆனால் ஐஸில் கிடந்த மீன் ஆகாது என்று சொல்லியிருக்கிறார். காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னதால் நாலைந்து நாளாகப் படகுகள் கடலுக்குப் போகவில்லை. கார்த்திகையில் பாதி ஊர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதால் மார்க்கெட்டிலும் மீன்காரர்கள் குறைவு. ஆகவே என் கடை வாசலில் வந்து நின்றான். நாற்பது ஆடு வைத்திருக்கிறவன் பாலுக்குக் கடலுக்குப் போகிறானே என்று கிண்டல் செய்தேன். எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. கம்பு, ரீல் எல்லாம் எடுத்து வைக்கிறேன், விடிந்ததும் வா என்றேன்.

காலை ஆறரைக்கு என் பைக்கில் கிளம்பினோம். பெட்ரோல் நூற்றைம்பது ரூபாய்க்கு. எட்டயபுரம் வழியாக எப்போதும்வென்றான், அங்கிருந்து குளத்தூர், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் கீழவைப்பாறு. என் வண்டிக் கணக்கில் அறுபத்து நான்கு கிலோமீட்டர். கரிசல் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த மாதத்தில்தான் பார்க்கவேண்டும். சித்திரையில் வெடித்துக் கிடக்கிற அதே நிலம் கம்பும் உளுந்தும் பாசிப்பயறுமாகக் கண்ணுக்கெட்டும் தூரம் பச்சையாக இருந்தது. மேகம் தாழ்ந்திருந்தது, மழை இல்லை. எட்டயபுரத்தில் டீ குடித்தோம், சுமார்தான்.

எப்போதும்வென்றானில், தம்பியிடம் ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று வேலுச்சாமி வண்டியைத் தொழுவுக்கு விடச் சொன்னான். தார் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் மண்பாதை. முந்தின இரவு மழை பெய்திருந்தது. கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது. குச்சியை வைத்து நோண்டி நோண்டி எடுத்தோம். முக்கால் மணி நேரம் வீண். இந்த மண்ணிலேயே பிறந்தவன் வழி காட்டித்தான் மாட்டினேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள்.

குளத்தூரில் இட்லி சாப்பிட்டு மதியத்துக்கும் பார்சல் கட்டிக்கொண்டோம். அதைத் தாண்டினால் உப்பளங்கள். மழை தொடங்கிவிட்டதால் வேலை நின்று, உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். மழை பெய்தால் வேலுச்சாமிக்குப் பிழைப்பு, அவன் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி அதே மழையில் உப்பளத்துக்காரனுக்கு வேலை இல்லை. அதை நான் சொன்னபோது அவன் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

கீழவைப்பாற்றில் படகுகளையெல்லாம் மணலில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். படகு நிழலில் நாலு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆற்று முகத்தில் வெள்ளம் செம்மண் நிறத்தில் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கலங்கலும் தெளிவும் சேருகிற அந்த ஓரம்தான் தூண்டிலுக்கு நல்ல இடம். அங்கே வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் இரைக்காக ஒரு பை காரல் வாங்கினேன், இருபது ரூபாய். காரல் என்பது விரல் நீளத்தில் தட்டையாக, வெள்ளித்தாளாக மினுங்குகிற மீன். உடம்பெல்லாம் வழவழப்பு. துண்டு போட்டுத் தூண்டில் முள்ளில் குத்தினால் பெரிய மீன்கள் விரும்பி எடுக்கும்.

பதினொரு மணியிலிருந்து இரண்டரை வரை நின்றோம். கிழங்கான் நாலு. கெளுத்தி இரண்டு, அதில் ஒன்று என் கட்டைவிரலில் முள்ளை ஏற்றிவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு திருக்கை. சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நான் கச்சேரி வைத்திருப்பேன். வேலுச்சாமி ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இல்லேல்லா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருமுறை அவன் கம்பு வளைந்து தூண்டில் நரம்பு விறுவிறுவென்று ஓடியது. கண்மாயில் விரால் தவளையைக் கவ்வினால் கொஞ்சம் ஓடவிட்டு, அது விழுங்கிய பிறகுதான் இழுக்கவேண்டும். அவன் கடலிலும் அதையே செய்தான். ஓடவிட்டான். அந்த மீன் விழுங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை, நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அது சுறாவா என்று கேட்டான். இருக்கலாம் என்றேன். மணலில் உட்கார்ந்துவிட்டான். இல்லை என்று சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்போதுதான் அந்தோணியம்மாள் வந்தார். அந்த ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும். காயப்போட்ட வலையைச் சுருட்ட வந்தவர், முகத்தில் களையே இல்லாமல் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்து என்ன மீனுக்கு நிற்கிறோம் என்று கேட்டார். வேலுச்சாமி வெட்கப்பட்டுக் கடலைப் பார்த்தான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பிள்ளப் பெத்தவளுக்கா? அப்பம் அந்தப் பையில என்ன வச்சிருக்கிய?"

இரை என்றேன். பையை விரித்துப் பார்த்தார். அடியில் ஏழெட்டுக் காரல்தான் மிச்சம் கிடந்தது.

"இது காரல்லா! எங்க வீடுகள்ல பிள்ளப் பெத்தா மொதல்ல இதத்தான் ரசம் வச்சிக் குடுப்போம். நீங்க காலையிலருந்து மருந்த முள்ளுல குத்திக் குத்திக் கடலுக்குக் குடுத்துக்கிட்டு நிக்கிதிய."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், சீட்டுக் கச்சேரியே திரும்பிப் பார்த்தது. தூரத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அவருடைய மாமியார், சுறாவுக்கு முன்னால் காரல் எம்மாத்திரம் என்று அங்கிருந்தே சண்டைக்கு வந்தார். தன் இரண்டு பிரசவத்துக்கும் என்ன கொடுத்தீர்கள் என்று மருமகள் திருப்பிக் கேட்டார். இருவரும் வாதாடியதைப் பார்த்தால் இது முடிகிற வழக்காகத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபம் எல்லாம் என்மேல்தான். பத்து வருடமாகத் தூண்டில் போடுகிறேன், காரலை இரை என்பதைத் தவிர வேறாக நினைத்ததே கிடையாது.

வீச்சுவலைக்காரர் எப்போதோ போய்விட்டார். அந்தோணியம்மாள், சீட்டாடிக்கொண்டிருந்த தன் கணவரைப் பார்த்து, எழுந்து வலையை எடுங்கள் என்றார். சீட்டு நல்லா வந்திருக்கிறது என்று முனகிக்கொண்டே எழுந்தவர், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசினார். முதல் வீச்சில் பாசி. இரண்டாவதில் வெறும் நண்டு. வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது வீச்சில் இரண்டு கை கொள்ளுகிற அளவு காரல் துள்ளியது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. எங்கள் கெளுத்தி இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

செய்முறையும் அந்தோணியம்மாள் சொன்னார். புளி கூடாது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு மீனைக் கரைய அவித்து, முள் இல்லாமல் வடித்துக் கொடுக்கவேண்டும். வேலுச்சாமி இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். மீனை உப்புத்தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றித் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு மூன்றரைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இரை சமாச்சாரத்தை ஆஸ்பத்திரியில் சொல்லக்கூடாது. சொல்லமாட்டேன் என்றேன்.

போக நினைக்கிறவர்களுக்கான விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் வரும்போது முகத்துவாரத்தில் நல்ல மீன் இருக்கும். ஆனால் வாடைக்காற்று பலமாக இருந்தால் தூண்டிலில் கட்டுகிற ஈயம் நிற்காது, கனமானதாகக் கொண்டு போங்கள். கலங்கல் தண்ணீரில் ஆழம் தெரியாது, இறங்காதீர்கள். கெளுத்தியைத் துணி போட்டுப் பிடியுங்கள், என் கட்டைவிரல் மூன்று நாள் வீங்கியிருந்தது. புயல் எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம். நாங்கள் போனது சரி என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீரும் சாப்பாடும் குளத்தூரிலேயே வாங்கிவிடுங்கள். எந்த மீனை இரையாக வெட்டினாலும், வெட்டுவதற்கு முன் கரையில் இருக்கிறவர்களிடம் அது எதற்கு உதவும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் வீட்டில் ரசம் தயாரானது. எங்களோடு இருக்கிற மைத்துனன் மாலை போட்டிருக்கும்போது அடுப்படியில் மீனா என்று என் மனைவி கேட்டாள். யாருக்கு என்று சொன்னதும் புறவாசலில் தனி அடுப்பு மூட்டி அவளே வைத்துத் தந்தாள். பார்வையாளர் நேரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். பேச்சியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வேலுச்சாமியின் அம்மா என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள்.

"இதக் குடிச்சா மட்டும் சொரந்துருமாக்கும்" என்றாள்.

வேலுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, சத்தம் போடாமல், "யம்மா, அவ ஆடு இல்ல" என்றான்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கத் தாங்கமுடியாமலோ என்னவோ, யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியதை அவனே சொல்ல ஆரம்பித்தான். முள்ளில் குத்தியதை, துண்டு போட்டதை, கடலுக்கு ஊட்டிவிட்டு நின்றதை, அந்தோணியம்மாள் சிரித்ததை எல்லாம். தன் நாற்பது ஆட்டுக்கும் இருக்கிற மூளை தனக்கு இல்லை என்றான். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகு முதலில் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இந்தப் பக்கம் திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

சத்தத்தில் பிள்ளை விழித்து வீறிட்டது. அவளே கை நீட்டி எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். நாலைந்து நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று வேலுச்சாமி பிறகு சொன்னான்.

நான் வராந்தாவில் போய் நின்றேன். உள்ளே பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அழுகை உயர்ந்தது, விக்கியது, மறுபடி உயர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. மறுபடி தொடங்கும் என்று காத்திருந்தேன், தொடங்கவில்லை. வேலுச்சாமியின் அம்மா, "மெல்ல, மெல்ல, பொரையேறிரும்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. ரசத்தை உள்ளே கொடுத்துவிடலாமே என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தூக்குச்சட்டி இன்னும் என் கையில்தான் இருந்தது, மூடியைக்கூடத் திறக்கவில்லை.