கை கழுவத் தண்ணீர்

எங்கள் வீட்டில் சூசையப்பர் திருநாள் விருந்துக்குக் கண்டிப்பான சட்டம் ஒன்று உண்டு. ஏழைப் பெரியவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூன்று பேரை அழைத்து வந்து, திருக்குடும்பமாகவே பாவித்துச் சோறு போடுவோம். ஊர் என்ன, பேர் என்ன, சாதி என்ன என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. வீட்டுக்காரி அவர்கள் கையில் செம்புத் தண்ணீரை ஊற்றினால் விருந்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் கேள்வி. வாயாடியான எனக்கு நாக்கு ஒருசந்தி விரதம் இருக்கும் நேரம் அது.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அதற்கு அடுத்த மார்ச் மாதம். அப்பா அங்கேதான் ஒரு மர டிப்போவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கிறிஸ்மஸோடு தகவல் நின்றுவிட்டது. குண்டு இங்கும் விழும் என்று சாந்தோமில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்பா வந்து தேடுவாரே என்று நாங்கள் மட்டும் நகரவில்லை. வாசலில் ஜட்கா நின்றாலே நான் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

வழக்கமாகக் கோயில் வாசலில் இருப்பவர்களைத்தான் அழைப்போம். அந்த வருஷம் அம்மா, பர்மாவிலிருந்து காடு மலையெல்லாம் நடந்து வந்தவர்கள் தங்கியிருந்த கொட்டகைக்குப் போய், ஒரு பெரியவரையும் அவர் மருமகளையும் பேத்தியையும் கூட்டி வந்தாள். எனக்கா புரியாது? விருந்து முடிந்ததும் அப்பாவைப் பற்றிக் கேட்கப்போகிறாள்.

பாதிச் சாப்பாட்டில் பெரியவர் நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் அப்பாவின் போட்டோ. பிசைந்த சோறு கையிலேயே நின்றது. மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, இந்தப் படத்துல இருக்கிறவரு..."

"விருந்து இன்னும் முடியல பெரியவரே. சாப்பிடுங்க" என்றாள் அம்மா. கேட்காமலேயே அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவைத் தெரிந்தவர்! கடைசிக் கவளம் உள்ளே போவதற்குள் செம்பைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள். கொல்லையில் தொட்டி இருக்கிறது, நீங்களே கழுவிக்கொள்ளுங்கள், ராத்திரி இங்கேயே தங்குங்கள் என்றாள். பெரியவர் அவளைப் பார்த்துவிட்டு, எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

மறுநாளும் தங்கினார்கள். அதற்கடுத்த வாரமும். அரிசி குதிரைக்கொம்பாக இருந்த காலம். அம்மா தன் பங்கைக் குறைத்துக்கொண்டு அவர்களுக்குப் போட்டாள். செம்பு மட்டும் பரணுக்குப் போய்விட்டது. இப்படியும் ஓர் அழுத்தக்காரி உண்டா என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பெரியவரிடம் நானே கேட்டுவிட்டேன். அவர் என் தலையைத் தடவினார்.

"அம்மா தண்ணி ஊத்தட்டும் கண்ணு" என்றார்.

மழைக்காலம் தொடங்கும்போதும் அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பிரசங்கத்தில், எளியவருக்குச் செய்தது ஆண்டவருக்கே செய்தது என்று சொல்லி, ஒரு கேள்வியும் கேட்காமல் திக்கற்றவர்களுக்கு இடம் கொடுத்த ஒரு தாய் இங்கே இருக்கிறாள் என்றார். கோயிலே எங்கள் பக்கம் திரும்பியது. நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா முக்காட்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்கும் பெருமைதான் என்று நினைத்துக்கொண்டேன்.