சுவருக்கு அந்தப் பக்கத்துத் தாளம்

சிவப்பு விளக்கில் கார் நின்றதும் பேட்ரிசியாவின் ஆள்காட்டி விரல் ஸ்டீயரிங்கில் தட்டத் தொடங்கிவிடும். முன்னால் நிற்கும் காரின் சிக்னலும் தன் காரின் சிக்னலும் சேர்ந்து மின்னும், மெல்ல விலகும், மறுபடி சேரும். "அதுங்க ஒன்ன ஒன்னு பாக்காது. மனுசங்க அப்படியில்ல லா, பக்கத்து ஆளு இழுத்தா போயிருவாங்க" என்பார். பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் வண்டி நகரும்.

செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி வரிசைக்கு லைன் லீடர். ஞாயிறுகளில், பக்கத்து ஊரான கூலாயில் ஒரு கடைவீட்டில் கூடும் சிறிய சபையின் பாடகர் குழுவை நடத்துகிறார். பதினாறு பேர். இசை படித்ததில்லை, இருபது வருடமாகக் கேட்டே கற்றது.

இந்த வருடம் சுவரை ஒட்டிய தகட்டுப் பட்டறை ஞாயிறும் ஓடத் தொடங்கியது. டொக், டொக் என்று அழுத்து இயந்திரம். சுவரோரம் நிற்கிற எட்டுப் பேர் அந்த டொக்கோடு போனார்கள். மற்ற எட்டுப் பேர் ஒருவரையொருவர் கேட்டுப் பழைய வேகத்திலேயே நின்றார்கள். பாட்டு நடுவில் கிழிந்தது. "ஈஸ்டருக்கும் இப்படின்னா ரெக்கார்டு போட்டுக்கலாம் சிஸ்டர்" என்றார் பாஸ்டர், நயமாகத்தான்.

பதறிப்போன பேட்ரிசியா கைப்பேசியில் தாளம் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு கூட்டம் மூன்றானது.

"அக்கா, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுறது?" கீழ்க்குரல் பாடும் எல்வின் கேட்டார்.

"வாய மூடிக்கிட்டுப் பாடு."

"அலமாக்! அது எப்படிக்கா?"

மறுநாள் விடுப்பு எடுத்துப் பட்டறை வாசலில் கடிகாரத்தோடு நின்றார். நிமிடத்துக்கு அறுபத்தெட்டு அடி. இவர்கள் பாட்டு எழுபத்து நான்கு. அடுத்த பயிற்சியில் குழுவிடம் சொன்னார்: "வேகம் ரொம்பத் தள்ளியிருந்தா நம்மள இழுக்கவே மாட்டான். இவன் கிட்ட வர்றான், ஒட்ட மாட்டேங்கிறான். நாமளே ஆறு குறைச்சுக்குவோம்."

ஸ்பீக்கர் பெட்டிக்குள் போனது. தோளோடு தோள் உரச எல்லாரையும் நெருக்கி நிறுத்தினார். மூன்று வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் விழும் அடியின் மேலேயே பாட்டை வைத்துப் பழகினார்கள்.

ஈஸ்டர் காலை. இரண்டாவது சரணத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. தேநீர் நேரம் போலும். எல்வின் திடுக்கிட்டுப் பேட்ரிசியாவைப் பார்த்தார். வேகத்தைப் பிடித்து வைக்கப் பேட்ரிசியாவின் கை மேலே போனது, அங்கேயே நின்றது. ஒரு வரி போனது. இன்னொரு வரி. பதினாறு குரலும் அதே அறுபத்தெட்டில். யாரும் ஓடவில்லை, யாரும் பின்தங்கவில்லை.

பேட்ரிசியா இரண்டு கைகளையும் இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.