பத்துப் பிள்ளை சேர்த்த கதை

மடியில் சுளகு, சுளகில் இறால். கோது உரிக்கிற இடைவெளியில் கையைக் கழுவித் துடைத்து இதை எழுதுகிறேன். தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனுக் கொண்டு அரசாங்கக் கந்தோர் ஏறுவதும் ஒரு தொழில்தான், சம்பளம்தான் இல்லை. ஏலாத பிள்ளையோ படுக்கையில் விழுந்த தாய் தகப்பனோ வீட்டில் உள்ள உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

என் மகளுக்கு எட்டு வயது. நடக்க மாட்டாள், பேச்சும் தெளிவில்லை. ஆனால் எல்லாம் விளங்கும். இப்படியான பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தனி வகுப்பும் ஒரு ரீச்சரும் கேட்டுத்தான் தாய்மார் சங்கம் சேர்த்தோம். தலைவி புஷ்பம் அக்கா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டேன். மனுவைப் பிடிக்கிற வேலை எனக்கு.

சட்டம் இருக்கு

அக்காவோடு கல்விக் கந்தோரின் மேல்மாடிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அங்கே இருந்த ஐயா மனுவைப் படிக்க முதல் பிள்ளையின் வயதைக் கேட்டார். எட்டு என்றதும் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று வருசம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனதையும், மூன்று முறையும் பள்ளிக்கூட அதிபர் திருப்பி அனுப்பியதையும் சொல்லாமல் மகளை மற்ற இடுப்புக்கு மாற்றினேன். பத்துப் பிள்ளைகளின் பெயரைக் கொண்டு வாருங்கள், நேரில் பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போக வேணும் எண்டு சட்டம் இருக்கு தங்கச்சி. அனுப்பாம வச்சிருந்தது உங்கட பிழை."

பின் அறை

ஒன்பது பெயர் சேர்ந்தது. பத்தாவதுக்கு, தினமும் நான் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் உள்ள வீட்டுக்குப் போனோம். பின் அறையில் ஒரு பொடியன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு இருந்தான். என் மகளின் வயது. ஐந்து வருசம் அந்த வேலியைக் கடந்திருக்கிறேன், அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. தாய் கதவைச் சாத்தினா.

"மூத்தவளுக்குக் கலியாணம் பேசுறம். பேரை எழுதிப்போடாத புள்ள."

நாற்பது வயதுப் பிள்ளை

அடுத்த வீட்டில் எழுபது தாண்டிய அம்மா ஒருவர், நாற்பது வயது மகனை மடியில் சாய்த்துக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தா. பள்ளிக்கூட வயது மட்டும்தான் எழுதலாம் அம்மா என்றேன். மகனின் வாயைத் துடைத்துவிட்டுத்தான் பேசினா.

"நான் கண்ணை மூடினா இவனை ஆர் எடுப்பாங்க எண்டும் ஒரு வரி எழுதிக் கேளு மகள். அதுக்கு எத்தினை பேர் வேணுமாம்?"

ஐயா பார்க்க வந்த நாள்

பார்க்க வருகிறவருக்கு முன்னால் பிள்ளையை அழுக்காக இருத்த எந்தத் தாய்க்கு மனம் வரும்? குளிக்க வார்த்து, பவுடர் பூசி, பொட்டு வைத்து, கோயில் திருவிழாவுக்குப் போல உடுப்புப் போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனோம். பின் அறைப் பொடியனின் தாயும் தானாகவே வந்தா. அவன் கத்தாமல் அசந்து இருக்க வேணும் என்று இரண்டு நாளாக அவனை நித்திரை கொள்ளவே விடவில்லையாம். பத்துப் பிள்ளையும் படம் பிடிக்க இருத்தினது போல இருந்தார்கள்.

ஐயாவுக்குச் சந்தோசம். "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க! இவங்களுக்குத் தனி வகுப்பு எதுக்கு? சாதாரண வகுப்பிலயே இருத்தலாமே" என்றார். அந்த வகுப்பிலிருந்துதானே அதிபர் என் மகளைத் திருப்பி அனுப்பினார். என் வாயிலிருந்துதான் வந்தது என்று இன்னும் நம்பவில்லை: "அப்ப அதை எழுதித் தாங்க ஐயா, நாளைக்கே கொண்டுவாறம்." கூட நின்ற அதிபரின் முகம் கறுத்தது. ஐயா பேனையைத் திறந்தார், மூடினார், அடுத்த கிழமை திரும்பப் பார்ப்பதாகச் சொல்லி எழும்பினார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தா.

"உனக்கு வாய் இருக்கெண்டு இவ்வளவு நாளும் ஏன்கா சொல்லல்ல?"

நல்லாக் காட்டினால் வகுப்புத் தேவையில்லை, உள்ளபடி காட்டினால் பள்ளிக்கூடத்துக்குச் சரிவராது. ஆனபடியால் அடுத்த கிழமை எந்தக் கோலத்தில் பிள்ளைகளைக் கொண்டு போவது என்று நாங்கள் இன்னும்... பொறுங்கள், வேலிப் படலையில் அக்கா கத்துறா: "புள்ள, ஐயா சொல்லாமக் கொள்ளாம இண்டைக்கே வந்திட்டார்! பிள்ளைய இருக்கிறபடியே தூக்கிட்டு ஓடிவா!" மற்ற ஒன்பது பேருக்கும் ஆர் போய்ச் சொல்வது? இறால் வாடையோடேயே ஓடுகிறேன், மிச்சம் பிறகு.